பத்து ஸ்டிக்கரா, நாலு கிளாம்பும் ஆறு பல்பும் போதுமா?

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரையும் ஈசிஜி மெஷின் புதிதாக வந்தால் பெட்டிக்குள்ளேயே கை காலில் மாட்ட நாலு கிளாம்ப், நெஞ்சில் உறிஞ்சிப் பிடிக்க ஆறு ரப்பர் பல்ப், ஒரு ஜெல் பாட்டில் இருக்கும். சின்ன கிளினிக்குகளில் வருடக்கணக்கில் ஓடுவது இந்த செட்தான். தனியாக வாங்க வேண்டியது ஒரு தடவை ஒட்டிவிட்டு எறிகிற ஸ்டிக்கர். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கை காலுக்கு நல்ல கிளாம்ப் இருந்தால் போதும், நெஞ்சுக்கு ஸ்டிக்கர்தான். பல்பை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பல்பின் முதல் குறை அதன் அளவு. வாய் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அகலம். நெஞ்சில் வைக்கும் ஆறு இடங்களுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். ஒல்லியான ஆளுக்கோ பிள்ளைகளுக்கோ வி2, வி3, வி4 மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் ஜெல்லை நீளமாக ஒரே இழுப்பாகத் தடவினால் வேலை முடிந்தது: ஜெல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பல்புகள் ஒன்றாகிவிடும், தாளில் மூன்று லீடும் (ஒவ்வொரு இடத்துக்கும் வரும் கோடு) அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாகப் பொட்டு வைப்பதுபோல ஜெல் வைக்க வேண்டும், நடுவில் காய்ந்த தோல் தெரிய வேண்டும்.

இரண்டாவது, முடி. முடி அடர்ந்த நெஞ்சில் காற்று கசிந்து, மெஷின் ஓடும்போதே பல்ப் பொத்தென்று விழும். உடனே இன்னும் பலமாக அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். எடுத்த பிறகு சிவப்பு வளையம் விழுந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது நீலம் பாய்ந்துவிடும்.

சுத்தம் செய்வது இன்னொரு தலைவலி. பயன்படுத்திய ஜெல் பல்பின் கிண்ணத்துக்குள் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். ஒவ்வொரு பேஷன்ட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, நாள் முடிவில் ரப்பரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும். ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும், அப்புறம் அந்தப் பல்பைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கிளாம்ப் அப்படியில்லை, அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இங்கே புழங்கும் கேபிளில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க முறைக் கேபிளில் நிறம் வேறு; அதில் சிவப்பு இடது கால். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள். உலோகத் தகடு எலும்பின்மேல் இல்லாமல், மணிக்கட்டின் உள்பக்கச் சதையில் பட வேண்டும். ஒல்லியான பாட்டிகளுக்கு மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும், சற்று மேலே முழங்கைப் பக்கம் தள்ளினால் பிடிக்கும்.

கிளாம்பையும் ஸ்டிக்கரையும் கலக்கலாமா? உலோகமும் ஜெல்லும் சேரும் இடத்தில் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகும், அது உலோகத்துக்கு உலோகம் மாறும். மெஷின் பொதுவாக 300 மில்லிவோல்ட் வரை தாங்கும். பச்சை பூத்த பழைய நிக்கல் கிளாம்பில் அது நிலையாக நிற்காது, கோடு மேலும் கீழும் அலையும். வெள்ளி - வெள்ளி குளோரைடு பூச்சுள்ள கிளாம்ப் என்றால் இந்தத் தொல்லை குறைவு. அது கிடைக்காவிட்டால் பத்தும் ஒரே கம்பெனி ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள்.

ஸ்டிக்கரின் பெரிய லாபம், வைக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக வைக்க முடிவது. கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேலேயே விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதன் கீழே இரண்டாவது இடுக்கு, அதாவது இரண்டு விலாக்களுக்கு நடுவிலுள்ள பள்ளம். இன்னும் இரண்டு இடுக்கு இறங்கினால் நான்காவது. வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. காறையெலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஐந்தாவது இடுக்கில் வி4, வி2, வி4 இரண்டுக்கும் நடுவில் வி3. வி4 மட்டத்திலேயே அக்குளின் முன் விளிம்பில் வி5, அக்குள் நடுவில் வி6. அவசரத்தில் வி1, வி2 இரண்டையும் இரண்டாவது இடுக்கில் ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோல் தாள் காட்டும். பெண்களுக்கு மார்பகத்தைப் புறங்கையால் தூக்கி அதன் அடியில் வி4. அதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, மேலே ஒரு துணி போர்த்தி, பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஆனால் ஸ்டிக்கர் தோலைப் பார்த்துத்தான் ஒட்டும். தேங்காய் எண்ணெய், பவுடர், வியர்வை மூன்றும் அதற்குப் பகை. முடி இருந்தால் கத்தரித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது முழுக்க உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரின் வால், அதாவது கிளிப் மாட்டும் நுனி, காலைப் பார்த்து இருந்தால் வயர் இழுத்துக் கழற்றாது. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே மேஜைமேல் போட்டால் ஜெல் காய்ந்து, மறுநாள் சும்மா காகிதம்தான். வாழைப்பழ பின் (பல்பிலும் கிளாம்பிலும் செருகும் குச்சி முனை) கேபிள் வைத்திருப்பவர்கள், ஸ்டிக்கரைக் கவ்விப் பிடிக்கும் பத்து முதலைக் கிளிப் அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

எந்த செட்டாக இருந்தாலும் பேஷன்ட்டுக்கு ஐந்து நிமிடமாவது படுத்து ஓய்வு வேண்டும். கை பக்கவாட்டில், கால்கள் ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல். 'கரண்டு வைப்பீங்களா' என்று கேட்பவர் நிறைய. 'இல்லைங்க, உங்க இதயத்துலேர்ந்து வர்றதைத்தான் மெஷின் வாங்கிக்குது' என்று சொன்னால் தோள் இறுக்கம் தளரும், நடுக்கக் கோடும் குறையும். மூச்சுத் திணறுபவரை மல்லாத்தக் கூடாது. சாய்த்தே எடுத்து, சாய்ந்த நிலை என்று தாளில் எழுதுங்கள். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு இந்த ஓய்வுக் கணக்கெல்லாம் இல்லை, வந்த 10 நிமிடத்துக்குள் தாள் டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

தாள் வந்ததும் கழற்ற அவசரப்படாதீர்கள். லீட் 1 (இரண்டு கைகளுக்கு இடையிலான கோடு) தலைகீழாகவும் ஏவிஆர் (வலது கைக்கான கோடு) நேராகவும் இருந்தால் கை வயர் மாறியிருக்கலாம். லீட் 2 (வலது கைக்கும் இடது காலுக்கும் இடையிலான கோடு) மட்டும் கிட்டத்தட்ட வெறும் கோடாக இருந்தால் வலது கையும் வலது காலும் மாறியிருக்கும். மெல்லிய சீரான ரம்பப்பல் தெரிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் குறுக்கீடு: கேபிளைக் கட்டிலின் சுவிட்ச் வயரிலிருந்து தள்ளிவைத்து, மெஷினைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஃபில்டரைப் போட்டு மறைப்பது கடைசி வழி. 35 ஹெர்ட்ஸ் ஃபில்டர் கோட்டை அழகாக்கும், கூடவே உண்மையான கூர்முனையின் உயரத்தையும் கொஞ்சம் சீவிவிடும். கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் தொடுங்கள். தெர்மல் தாளில் ஸ்பிரிட் பட்டால் அந்த இடம் கறுத்துவிடும்.