மூன்று ஆண்டுகளாக ஒரு வள்ளி கும்மி வகுப்பில்

திருப்பூரை ஒட்டிய எங்கள் ஊரில், மாரியம்மன் கோயில் திடலில் ஞாயிறுதோறும் மாலை ஆறரை மணிக்கு நடக்கும் வள்ளி கும்மி வகுப்புக்கு மூன்று ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் அது. சேர விரும்புகிறவர்கள் என்னிடம் கட்டணத்தையும், எத்தனை வாரத்தில் அரங்கேற்றம் என்பதையும் கேட்கிறார்கள். அவற்றை ஆசிரியரே சொல்லிவிடுவார். அந்த இடம் எப்படிப்பட்டது, அங்கே யாருடன் நின்று ஆடுகிறோம் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

திடல் வெறும் மண்தரை. வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடும் இரண்டு பெண்கள், கல்லையும் பாட்டில் மூடிகளையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, புழுதி அடங்கும் அளவுக்கு மட்டும் குடத்துத் தண்ணீரைத் தெளித்து வைப்பார்கள். ஈரம் கூடினால் கால் வழுக்கும். குறைந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் எல்லோரும் இருமத் தொடங்கிவிடுவோம். அந்தப் பதம் அவர்கள் இருவருக்கும் அத்துப்படி. ஐப்பசி மழையில் திடல் சேறானபோது ஐந்து வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடினோம். மின்விசிறியும் நல்ல வெளிச்சமும் இருந்தும், டைல்ஸ் தரையில் குதித்துக் குதித்து எனக்கு முழங்கால் வலி கண்டது. சலங்கைச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியதில் தாளமும் குழம்பியது. மண்ணுக்குத் திரும்பிய வாரமே வலி குறைந்தது.

ஆசிரியர் கையில் ஜால்ராவோடு வட்டத்தின் நடுவில் நின்று பாடுவார். நாங்கள் அடியைத் திருப்பிப் பாடிக்கொண்டே ஆடுவோம். பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கி, வள்ளி தினைப்புனம் காப்பது, முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வருவது என்று கதை நகரும். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் அறுபது வயது அம்மா நிற்பார். கால் தவறியவரிடம் பக்கத்தில் இருப்பவர், "என்னைப் பாத்துக்கிட்டே வாங்க கண்ணு" என்று சொல்வதோடு சரி; அதற்கு மேல் யாரும் திருத்துவதில்லை. ஆசிரியருக்குத் தொண்டை கட்டியிருந்த சில வாரங்கள் ஒலிப்பெருக்கியில் பதிவு செய்த பாட்டைப் போட்டோம். புதிதாகச் சேர்ந்திருந்தவர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக ஒதுங்கி உட்காரத் தொடங்கினார்கள். பாடுகிறவர் கண்ணெதிரே இருந்தால், பிந்தும் கால்களைப் பார்த்து ஓர் அடியைக் கூடுதலாக இழுத்துப் பாடுவார். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

எங்கள் வட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். வாரம் முழுவதும் சேர்ந்த துணியைத் துவைத்துக் காயப்போட்டு, சமைத்து வைத்துவிட்டு வருகிறார்கள். வள்ளி ஒயில் கும்மி என்றும் சொல்லப்படும் இது முன்பு ஆண்களின் ஆட்டமாக இருந்தது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தாசம்பாளையத்தின் எம். பத்ரப்பன். 2024ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. அந்தச் செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிறன்று எங்கள் ஆசிரியர் அதைச் சொன்னதும், வட்டமே கைதட்டி ஆர்ப்பரித்தது. தன் வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்ததைப் போலத்தான் ஒவ்வொருவரும் மகிழ்ந்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். திடலருகே கழிப்பறை இல்லை. பெண்கள் பலர் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்து, எட்டரை மணிக்குத் தலைவலியோடு திரும்புவதை இரண்டு ஆண்டுகள் பார்த்தேன். இப்போது பக்கத்து வீட்டு அம்மா தம் வீட்டுப் புறக்கடையைத் திறந்து வைக்கிறார். அது அவருடைய நல்ல மனம். ஆனால் வகுப்பு நடத்துகிறவர்கள் செய்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

இந்த வகுப்புக்கு முன்னால் வேறோர் இடத்தில் சேரப் போயிருந்தேன். அங்கே பெயரை எழுதிக்கொண்டவர் அடுத்துக் கேட்டது, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பதைத்தான். கூட்டம் என்பது சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு; அந்தக் கேள்வி சாதியைக் கேட்பதுதான் என்று கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வேடர் குலத்துப் பெண்ணைத் தேடி முருகன் தினைப்புனத்துக்கு வரும் கதையை ஆடும் இடத்தில், வாசலில் சாதியைக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை; அன்றே திரும்பிவிட்டேன். இப்போதைய வகுப்பில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டுமே எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே, சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு ஞாயிறு திடலோரம் உட்கார்ந்து பாருங்கள். தரை மண்ணா, பாட்டு நேரில் பாடப்படுகிறதா, பிந்துகிறவருக்காக வட்டம் மெதுவாகிறதா என்று கவனியுங்கள். பெயர் எழுதும் இடத்தில் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.