டி.பி. மாத்திரைக்குப் பிறகு: இட்லியா, கேவுரு கூழா?

டி.பி. (காசநோய்) மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாக உடலில் சேரும். அதனால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தே காலைச் சாப்பாடு. குமட்டும் ஆரம்ப வாரங்களில் என் ஓட்டு இட்லிக்கு: எண்ணெய் இல்லை, உளுந்தின் புரதமும் உண்டு. மிளகாய்ப்பொடியை மட்டும் தள்ளி வையுங்கள்.

பசி திரும்பியதும் கேவுரு, அதாவது கேழ்வரகுக் கூழ். வேலூர்ப் பக்கம் அதற்குச் சொல்லித்தர வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. புரதம்தான் குறைவு, வேர்க்கடலையோ அவித்த முட்டையோ சேர்த்தால் சரி. ஆனால் தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டாம். இன்னொரு டி.பி. மருந்தான ஐசோநியாசிட் எடுக்கும்போது, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் மிகுந்த கருவாடு போன்ற மீன் முகச்சிவப்பு, தலைவலி, படபடப்பைக் கிளப்பலாம்.

டி.பி. இல்லாத வேறு நுரையீரல் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் கணக்கே வேறு: பாலும் தயிரும் மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மோர் கரைத்த கூழை எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.