கோவை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய கியர் நாப்: ஹோண்டா சிட்டியில் எப்படி இருக்கிறது?

ஐந்து கியர் கொண்ட எங்கள் பழைய ஹோண்டா சிட்டியின் கியர் நாப் (கியர் லீவரின் உச்சியில் உள்ள கைப்பிடி) மேலுறை உரிந்து பிசுபிசுக்கத் தொடங்கியதால், ஆவாரம்பாளையத்தில் உள்ள ஒரு லேத் பட்டறையில் 304 ரக எவர்சில்வர் ராடிலிருந்து புதிதாக ஒன்றைக் கடைந்து வாங்கினேன். 45 மி.மீ. விட்டமுள்ள உருண்டை, அதன் கீழே சிறு கழுத்து, எடை ஏறத்தாழ 370 கிராம். மெருகேற்றி, மேலே கியர் வரிசையைப் பொறித்துத் தர 1,800 ரூபாய் வாங்கினார்கள்.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் மெருகு அல்ல, மரை. ஹோண்டாவின் கியர் தண்டில் இருப்பது 10 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்சும் (அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட மரை; டொயோட்டா கார்கள் பலவற்றில் அதுவே 12 மி.மீ., 1.25 பிட்ச் என்று மாறிவிடும். பட்டறைக்காரர் என் வாய்ச்சொல்லை நம்பாமல், பிட்சை அளக்கும் பிட்ச் கேஜைத் தண்டின் மீதே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாப்பில் 8.5 மி.மீ. துளையைப் போட்டார். எவர்சில்வரில் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இறுகி முறிவது சாதாரணம் என்பதால், எண்ணெய் விட்டு, அரைச் சுற்று இறக்கி, சற்றுப் பின்னால் திருப்பித் துருவலை உடைத்து, மூன்று டேப்புகளையும் வரிசையாக இறக்கிய அந்தப் பொறுமைக்கே கூலி தகும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நாப்கள் பக்கவாட்டில் சிறு கிரப் ஸ்குரூக்களால் (தலையில்லாத திருகுகள்) தண்டைக் கடித்து நிற்பவை. அவை நாளடைவில் தளர்வதோடு தண்டின் மரையையும் சிதைக்கின்றன என்பதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

பொருத்துவது எளிது. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பழையதை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்ற வேண்டும். புதியதை ஏற்றும் முன் தண்டில் ஒரு லாக் நட்டைப் போட்டுக்கொண்டால், பொறித்த எண்கள் ஓட்டுநரை நேராகப் பார்க்கும்படி நிறுத்தி, நட்டை மேல்நோக்கி இறுக்கிவிடலாம்.

ஓட்டும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. லீவரின் உச்சியில் எடை கூடியதால், கை தொடங்கி வைத்த அசைவு அதே வேகத்தில் தொடர்ந்து, சிங்க்ரோனைசர் (கியர் விழும் முன் சுழல் வேகங்களைச் சமப்படுத்தும் பாகம்) காட்டும் எதிர்ப்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது விரல்களால் தள்ளினாலே போதுகிறது. ஆனால் சிங்க்ரோனைசர் தேய்ந்து கியர் உறுமும் வண்டிக்கு இது மருந்தாகாது, அதற்கு கியர்பாக்ஸைத்தான் பிரிக்க வேண்டும். உயரத்தைப் பழைய நாப்பின் அளவிலேயே வைக்கச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று, ஏனெனில் நாப் தாழ்ந்தால் லீவர் நகரும் தூரம் குறைந்தாலும் கைக்கு வேலை கூடிவிடும்.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குத் திரும்பினால் உலோகம் தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு துணி உறை கட்டாயம் தேவை. பொறிப்பு ஆழமில்லாததால் எண்களில் நிரப்பிய கருப்பு வண்ணம் உதிர்கிறது. சொன்ன நாளில் நாப் கைக்கு வரவும் இல்லை. சூடு ஆகாதென்று நினைப்பவர்கள் டெல்ரின் என்ற கடின பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லலாம், ஆனால் அதே அளவில் 70 கிராம்கூட வராது என்பதால் எடையின் பயன் கிடைக்காது. ஹூண்டாய் ஐ20 போல ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்க வேண்டிய வண்டி வைத்திருப்பவர்கள், அந்த வளையம் தடையின்றி ஏறி இறங்க இடம் விட்டுக் கழுத்தைக் கடைய முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.