ஆடாதோடை மணப்பாகு: சளிக்கு நாலு ஸ்டார், லேபிளுக்கு ஒண்ணு

டிபி மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் சித்தி இந்த பாட்டிலோடு வந்தார். "இதைக் குடிடா, அந்த மாத்திரையெல்லாம் சீக்கிரம் நிறுத்திடலாம்." காலையில் மாத்திரை விழுங்கியதும் குமட்டல், சிறுநீர் ஆரஞ்சு நிறம் (மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை). அந்த நிலையில் யார் எதைக் கொடுத்தாலும் குடித்திருப்பேன். டாக்டரிடம் மட்டும் கேட்டுக்கொண்டேன். சளிக்கு என்றால் சரி, மாத்திரையில் கை வைக்கக் கூடாது என்றார்.

முதலில் சரக்கு. வெந்நீரில் பத்து மில்லி, இரண்டு வேளை. நாக்கில் பட்டதும் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். ஆடு தொடாத இலை என்று சும்மாவா பேர் வைத்தார்கள்! நாலைந்து நாளில் கோழை இளகி வந்தது, ராத்திரி இருமலும் குறைந்தது. மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்தது, அதனால் முழுப் பெருமையையும் பாட்டிலுக்குத் தர மாட்டேன். சர்க்கரைப் பாகு என்பதால் நீரிழிவு இருப்பவர்கள் யோசித்துக் குடியுங்கள்.

என் சண்டை லேபிளோடு. 'காச நோயைக் குணமாக்கும்' என்று ஒரு வரி. கம்பெனி பெயர் வேண்டாம். இதே வரியை வேறு பாட்டில்களிலும் பார்த்திருக்கிறேன்.

ஆடாதோடையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியாக வைத்துத்தான் ப்ராம்ஹெக்ஸினும் அம்ப்ராக்ஸாலும் வந்தன. இருமல் சிரப் அட்டைகளில் அந்தப் பெயர்களைப் படித்திருப்பீர்கள். அந்த இரண்டும் டிபி கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமி. நெஞ்சுக்குள் இருப்பதை ஒழிப்பது வேறு கதை: மெழுகு பூசிய சுவர், ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இருபது மணி நேரம், போதாததற்கு உடம்புக்குள் சில கிருமிகள் அசையாமல் பதுங்கிக் கிடக்கும். நாலு மருந்தில் தொடங்கி ஆறு மாதம் விடாமல் விழுங்கச் சொல்வது அதனால்தான்.

மிளகு கதை இதைவிட நேர்மையானது. ரிஃபாம்பிசினை இரத்தத்தில் கூடுதலாகச் சேர்க்க மிளகிலுள்ள பைப்பரின் உதவுகிறது என்று கண்டு, ரிஃபாம்பிசின் 200, இன்னொரு டிபி மருந்தான ஐசோனியாசிட் 300, பைப்பரின் 10 மில்லிகிராம் என்று ஒரே மருந்தாக இந்தியாவில் கொண்டுவந்தார்கள். மிளகு அங்கே மருந்துக்குத் துணை, மாற்று இல்லை. அதற்காக மாத்திரையோடு மிளகுக் கஷாயம் குடித்து நீங்களே அளவு போடாதீர்கள். இந்த மாத்திரைகளுக்கே கல்லீரல் திணறும்.

லேபிள் வரி ஏன் ஆபத்து என்றால், இருமல் நின்றதும் நோய் போய்விட்டதாக மனசு சொல்லும். எனக்கும் இரண்டாம் மாதம் சொன்னது. மாத்திரையை நிறுத்தி, பாகை மட்டும் குடித்திருந்தால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வந்திருக்கலாம்.

ஆறு மாதம் முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. சாதாரணச் சளிக்கு இப்போதும் இதே பாகைத்தான் வாங்குகிறேன். போன வாரம் சித்தி தனக்கும் ஒரு பாட்டில் கேட்டார். அந்த வரியை மார்க்கரால் அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.