குன்னூர் கிராமபோன் கடை: வேலை சுத்தம், ரேட்டு மட்டும் முன்னாடியே பேசிக்கோங்க

பெட்ஃபோர்ட்ல இருந்து மேல ஏறுற ஒரு சந்துல இருக்கு, போர்டு கிடையாது, அதனால பேரும் போட முடியல. எங்க தாத்தா எஸ்டேட்ல ரைட்டரா இருந்தப்ப தொரை ஊருக்குக் கிளம்பும்போது குடுத்துட்டுப் போன சாவி குடுக்குற கிராமபோன் பொட்டி, பத்து வருஷமா பரண்ல கெடந்துச்சு. சாவி சுத்துனா பாதிப் பாட்டுலயே இழுத்துக்கிட்டு நின்னுடும். கடைக்காரர் கழட்டிப் பாத்துட்டு "ஸ்பிரிங் உடையல அம்மிணி, கிரீஸுதான் பழம்புளியாட்டம் இறுகிக் கெடக்குது"ன்னாரு. ஒரு வாரம்னு சொல்லி மூணு வாரம் இழுத்தாரு, 1,800 ரூபா. ஆனா இப்ப ஒரு தடவை சாவி குடுத்தா ஒரு பக்கம் முழுசா ஓடுது.

டெஸ்ட் பண்ண அவரு போட்டது ஏதோ பங்களாவுல இருந்து வந்த ஒரு பார்லோபோன் கம்பெனி பிளேட்டு, அதாவது பாட்டு ரெக்கார்டு. அமெரிக்க ஜாஸ்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோட ஹாட் ஃபைவ்ங்கற பேண்டு. நான் டிரம்பெட்டையே கேட்டுட்டு இருந்தேன், அவரு என்னடான்னா "அதை விடுங்க, அடியில டங்கு டங்குன்னு ஒரு பியானோ போகுது பாருங்க, அது ஒரு பொம்பளை"ங்கறாரு. லேபிளை ரெண்டு தடவை பாத்தேன், ஆம்ஸ்ட்ராங் பேரு மட்டும்தான் இருக்கு. கவரைத் திருப்பிக் காமிச்சாரு, பென்சில்ல தமிழ்ல "லில் ஹார்டின், பியானோ"ன்னு எழுதி வெச்சிருக்காரு. இந்த மாதிரி பொம்பளைங்க வாசிச்ச பிளேட்டு எல்லாத்துலயும் அவரே எழுதியிருக்காரு, எனக்கு இந்தக் கடை பிடிச்சுப் போனதே அதனாலதான்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதையே நோண்டிட்டு இருந்தேன். லில் சிகாகோவுல ஒரு மியூசிக் கடையில வாரம் மூணு டாலர் சம்பளத்துக்கு, வர்றவங்களுக்குப் பாட்டு வாசிச்சுக் காட்டுற பொண்ணு. முதல்ல ஒரு பேண்டுல சேந்தப்ப எந்த சுருதின்னு லில் கேட்டிருக்காங்க, பேண்டுக்காரங்க ரெண்டு தட்டு தட்டுவோம், கேட்டதும் ஆரம்பிச்சுடுன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் கிங் ஆலிவர்ங்கற ஜாஸ்காரரோட பேண்டு, லிங்கன் கார்டன்ஸ் டான்ஸ் ஹால். ஆம்ஸ்ட்ராங்கும் அங்கதான் ஆலிவருக்கு அடுத்த ரெண்டாவது ஆளா வாசிச்சுட்டு இருந்தாரு, 1924ல ரெண்டு பேருக்கும் கல்யாணம், அந்த பேண்டை விட்டு வெளிய வா, தனியா பேரு வாங்குன்னு அவரைத் தள்ளி விட்டதே இந்தம்மாதான். 1925 நவம்பர்ல ஹாட் ஃபைவ் முதல் ரெக்கார்டிங், அஞ்சு பேரு, டிரம்ஸ் கிடையாது, தாளத்தைப் புடிச்சு நிறுத்துறது லில்லோட பியானோவும், பாஞ்சோங்கற தந்தி வாத்தியமும்தான். பேரு லேபிள்ல யாருக்குப் போச்சுன்னுதான் சொன்னேனே.

இன்னொரு பேண்டு முழுக்கப் பொண்ணுங்க, இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். மிசிசிப்பியில ஒரு கறுப்பினப் பிள்ளைங்க ஸ்கூலுக்குக் காசு சேக்க 1937ல ஆரம்பிச்சது, பஸ்ஸுலயே தூங்கி ஊர் ஊரா வாசிச்சிருக்காங்க. அது இங்க இல்ல, கேட்டேன், சிரிச்சாரு.

குறைன்னா ரேட்டு எதுலயும் ஒட்டியிருக்காது, ஆளைப் பாத்துச் சொல்ற மாதிரி தெரியுது. எனக்கு 600, எனக்கு முன்னாடி வந்த ஒருத்தருக்கு அதே மாதிரி பிளேட்டு 350. அதோட நான் எடுத்ததுல ஓரத்துல மயிரிழை விரிசல், சுத்துக்கு ஒரு "டிக்". கடை வெளிச்சத்துல தெரியாது, வாசலுக்குக் கொண்டு வந்து சாய்ச்சுப் பாத்து வாங்குங்க.

இன்னொன்னு, நம்ம ஊர் மிஸ்ட்டுக்கு பிளேட்டுல வெள்ளையா பூஞ்சை புடிக்கும். நான் அதிகப்பிரசங்கித்தனமா சானிட்டைசர் போட்டுத் தொடைச்சேன், கறுப்பு கையோட வந்துடுச்சு. பழைய பிளேட்டு அரக்குல செஞ்சதாம், ஸ்பிரிட்டு பட்டா கரைஞ்சுடும். நல்லாத் திட்டு வாங்கினேன். தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு, மெதுவான துணி, லேபிள் நனையக் கூடாது, அவ்ளோதான்.

ஊசி டப்பா இங்கயே கிடைக்குது, பிளேட்டோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஊசி, மிச்சம் புடிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை லீவு. மழை புடிச்சாலும் லீவுதான், அதனால ஐப்பசியில கீழ இருந்து கெளம்பி வராதீங்க. நாலு ஸ்டார்.