வெட்டூர்ணிமடம் அக்கா கடை: டிசம்பர்ல சாயா குடிக்கவும் குறுக்கெழுத்து போடவும்

குறுக்கெழுத்து பைத்தியம் உள்ளவங்க டிசம்பர்ல நாகர்கோவில் பக்கம் வந்தா ஒரு சாயாக்கடைக்கு கண்டிப்பா போகணும், அத பத்திதான் எழுதுறேன். கடைக்கு போர்டு கிடையாது. வெட்டூர்ணிமடத்துல மெயின் ரோட்ட விட்டு உள்ள திரும்பி அக்கா கடைன்னு கேட்டா காட்டுவாங்க. ஸ்டார் தொங்குற கடைன்னு அடையாளம் சொல்ல முடியாது, ஏன்னா அந்த மாசம் தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் ஸ்டார்தான், பெஞ்சுல நாலஞ்சு பேரு பென்சிலும் கையுமா குனிஞ்சு உக்காந்திருந்தா அதுதான் கடை.

மொதல்ல திங்குற சமாச்சாரம். சாயா 12 ரூபா, நல்ல ஸ்ட்ராங்கா கொள்ளாம். ரசவடை சாயங்காலம் நாலு மணிக்கு மேல கிடைக்கும், ரசத்துல நல்லா மிளகு இருக்கும், வடை ஊறினாலும் உடையாது, எனக்கு அதுதான் அங்க பிடிச்சது. பழம்பொரி பரவால்ல. டிசம்பர் பிறந்ததும் அக்கா வீட்டுலயே செஞ்ச பிளம் கேக் வெட்டி வைப்பாங்க, முந்திரியும் பழமும் தாராளமா இருக்கும், கிராம்பு மட்டும் ஒரு பொடி தூக்கல்னு எனக்கு தோணும், ஆனா கூட வர்றவங்க யாரும் அப்படி சொல்லி நான் கேட்டதில்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, ஜில்லாவுக்கே லீவு விடுவாங்க இல்லியா, அது முடிஞ்ச மறுநாள் கடை சுவத்துல ஒரு பெரிய அட்டை ஏறும், அதுல வெறும் கட்டம் மட்டும் வரைஞ்சிருக்கும். அன்னைலருந்து 24ந்தேதி வரைக்கும் தினம் ஒரு குறிப்பு, மொத்தம் 21. குறிப்பு எழுதுறது ரிட்டயர்டான ஒரு கணக்கு வாத்தியாரும் பேங்க்ல வேல பாக்குற ஒரு அக்காவும். மத்தவங்க எல்லாம் சாயா குடிச்சுக்கிட்டு மண்டைய உடைக்குறவங்க, குளச்சல்லருந்து வர்ற ஒரு போட்டுக்கார அண்ணன், நர்சிங் படிக்குற ஒரு பிள்ள, பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர், சும்மா சாயா குடிக்க வந்து சிக்கிக்கிட்டவங்கன்னு ஒரு கூட்டம். விதி ஒண்ணே ஒண்ணுதான். விடை தெரிஞ்சா சத்தமா சொல்லக்கூடாது, கல்லாவுல நிக்குற அக்கா காதுல போய் சொல்லணும், வாய் தவறி சத்தமா சொல்லிட்டா அன்னைக்கு அங்க இருக்குற எல்லாருக்கும் சாயா காசு அவரு கணக்கு. இந்த ஒரு விதியாலதான் அங்க பேச்சே அவ்வளவு ருசியா இருக்கு, ஏன்னா விடை தெரிஞ்சவங்க தெரியாதவங்கள விடைய சொல்லாம அது பக்கத்துல கொண்டு போய் நிறுத்தணும்.

போன வருஷத்து குறிப்பு ரெண்டு மூணு சொல்றேன், இது முடிஞ்சு போன கட்டம், அதனால தப்பில்ல. அடைப்புக்குறிக்குள்ள இருக்குற எண் விடையில எத்தனை எழுத்துங்கறது.

‘அங்கு டில்லியில் ஒளிந்திருக்கும் வைக்கோல் வீடு (3)’. இது ஆரம்பத்துல வந்த லேசானது, அங்கு டில்லின்னு சேத்து வாசிச்சா நடுவுல குடில் இருக்கு பாருங்க. ‘அரசன் விலகியதும் கோபாலன் மாட்டுத் தொழுவத்தில் (3)’ வந்தன்னைக்கு கடையே ஒரு நிமிஷம் அமைதியாகி அப்புறம் ஒவ்வொருத்தர் மொகமா சிரிப்பு வந்துச்சு, கோன்னா அரசன், அத எடுத்தா பாலன். கிறிஸ்துமஸ் நேரத்துல பாலன்னா யாருன்னு நம்ம ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குறிப்புல இருக்குற ஒரு வார்த்தை கூட வெட்டியா நிக்கல பாத்தீங்களா, வாத்தியார் இதுல ரொம்ப கண்டிப்பு.

எனக்கு மறக்காதது ‘தண்ணீர் வற்றிய தேநீரோடு சித்திரவதையில் பாதி சேர்ந்தால் சிறகு முளைக்கும் (3)’. நர்சிங் பிள்ள ரொம்ப நேரமா முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

‘கையில என்ன இருக்கு மக்ளே, அத பாரு’ன்னாரு வாத்தியார்.

‘சாயா சாரே.’

‘நல்ல தமிழ்ல சொல்லு.’

‘தேநீர்… தண்ணி போனா தேயிலைதான சாரே மிச்சம்?’

‘இலையும் வேண்டாம், நீரும் வேண்டாம்’னு சொல்லிட்டு அவரு வடைய திங்க ஆரம்பிச்சுட்டாரு. போட்டுக்கார அண்ணன் அதுக்குள்ள அக்கா காதுல சொல்லிட்டு வந்து ‘மிச்சத்துல பாதிய ஆஸ்பத்திரில ஊசி போடும்போது நீயே குடுப்ப பிள்ள’ன்னாரு, அவ்வளவுதான், அது எந்திச்சு ஓடிருச்சு கல்லாவுக்கு. தேநீர்ல நீர் போனா தே, அப்புறம் சித்திரவதைல வதை, சேத்தா தேவதை. இத தனியா வீட்டுல உக்காந்து கண்டுபிடிச்சிருந்தா ஒரு நிமிஷ சந்தோஷம், அங்க ஒரு சாயங்காலம் பூரா அதுதான் பேச்சு.

தமிழ்ல கட்டம் போடுறது எவ்வளவு கஷ்டம்னு நான் அங்க உக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். இங்கிலீஷ்ல 26 எழுத்து, நமக்கு 247, குறுக்கயும் நெடுக்கயும் சந்திக்குற கட்டத்துல க வந்தா க தான் வரணும், கா வந்தா ஆகாது. அதுக்கு மேல புள்ளி வச்ச எழுத்துல எந்த வார்த்தையும் தொடங்காது, அதனால குடில் மாதிரி ல்-ல முடியுற வார்த்தைக்கு அந்த கடைசி கட்டத்துலருந்து கீழ புதுசா ஒண்ண ஆரம்பிக்க வழியில்ல, வேற வார்த்தையோட நடுவுலயோ கடைசிலயோதான் அத கோர்க்கணும். இதனாலதான் பத்திரிகைல வர்ற நிறைய கட்டங்கள்ல வலமிருந்து இடம், கீழிருந்து மேல், எழுத்து கலைஞ்சிருக்குன்னெல்லாம் போட்டு சமாளிப்பாங்க. இங்க அது ஒண்ணும் கிடையாது, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், அவ்வளவுதான். குடிலோட ல்ல எதுல கோர்த்தாங்க தெரியுமா? ‘அம்பு விடுறவன் பாக்குறது தக்கலை போற வழியில் (6)’. வில்லுக்குறி! தினம் பஸ்ஸுல கடந்து போற ஊரு, அதுல வில்லும் குறியும் தனித்தனியா இருக்குறத அன்னைக்குத்தான் பாத்தேன். வெளியூர்க்காரங்களுக்கு இந்த மாதிரி குறிப்பு கொஞ்சம் கஷ்டம், ஆனா கேட்டா பக்கத்துல இருக்குறவங்க வழி சொல்லுவாங்க.

21ந்தேதி போனீங்கன்னா இன்னொரு விசேஷம். 1913 டிசம்பர் 21லதான் ஆர்தர் வின்னுங்கறவரு நியூயார்க் வேர்ல்ட் பேப்பர்ல மொத குறுக்கெழுத்த போட்டாரு, லிவர்பூல்ல பிறந்து அமெரிக்கா போனவரு, கட்டம் வைரம் மாதிரி சாஞ்ச வடிவம், நடுவுல ஓட்டை. வாத்தியார் அந்த கட்டத்த கையால வரைஞ்சு கொண்டு வந்து ஒட்டுவாரு, அன்னைக்கு கேக் அவரு செலவு. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னாடி பிறந்த விளையாட்ட கிறிஸ்துமஸ் கேக் வெட்டி கொண்டாடுறாங்க, எனக்கு இது ரொம்ப பொருத்தமா படுது. பெஞ்சுல நூல் கட்டி பென்சில் தொங்குறதும் அவரு யோசனைதான், 1924ல அமெரிக்காவுல மொத குறுக்கெழுத்து புஸ்தகம் வந்தப்போ கூடவே ஒரு பென்சிலயும் சேத்து வித்தாங்களாம், அத வாசிச்சதுலருந்து இந்த ஏற்பாடு. இங்கிலீஷ் போடுறவங்களும் வருவாங்க, காலைல ஹிந்து பேப்பரோட ஒரு தனி பெஞ்சு, 1971ல அது தொடங்குன காலத்துலருந்து போடுறேன்னு சொல்ற ஒரு தாத்தா அங்க இருப்பாரு, அவருகிட்ட பேச்சு குடுத்தா கத்துக்க நிறைய இருக்கு.

குறைன்னா சிலது இருக்கு. பெஞ்சு ரெண்டே ரெண்டுதான், டிசம்பர் ரெண்டாவது வாரத்துக்கு மேல நின்னுக்கிட்டுதான் சாயா குடிக்கணும். கேரல் போற பிள்ளைங்க டிரம்மோட தெருவுக்குள்ள வந்துட்டா அன்னைக்கு யோசனை ஓடாது, ஆனா அவங்களும் உள்ள வந்து கட்டத்த எட்டிப் பாத்துட்டுத்தான் போவாங்க. கார் நிறுத்த இடமே இல்ல, பைக்குல போங்க. தெருவிளக்கு அட்டை மேல சரியா விழாது, கண்ணாடி போடுறவங்க வெளிச்சம் இருக்கும்போதே போறது நல்லது. இன்னொண்ணு, அட்டைய போட்டோ எடுத்து கூகுள்ல தேடுறவங்கள அங்க யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. நாலு பேரு சேந்து மெல்ல மெல்ல அவுக்குற முடிச்ச ஒருத்தர் கத்தரியால வெட்டுனா மத்தவங்களுக்கு என்ன இருக்கு?

பேச தயங்குறவங்களும் தைரியமா போகலாம். போன வருஷம் ஒரு அம்மா தினம் வந்து ஓரமா நின்னு பாத்துட்டு மட்டும் போவாங்க, 20ந்தேதி வாக்குல நேரா கல்லாவுக்கு போய் அக்கா காதுல ஏதோ சொன்னாங்க, அக்கா அவங்களுக்கு மொத ரசவடைய எடுத்து குடுத்தாங்க, அன்னைக்கு குறிப்புக்கு அதுவரைக்கும் யாருக்கும் விடை கிடைக்கல. மறுநாள்லருந்து அவங்களுக்கு பெஞ்சுல இடம்.

கடை காலைல ஆறரைலருந்து ராத்திரி எட்டு வரைக்கும், ஞாயித்துக்கிழமை மட்டும் ஆராதனை முடிஞ்சு பதினொண்ணுக்கு மேல. புது குறிப்பு சாயங்காலம் நாலு மணிக்கு ஒட்டுவாங்க. 24ந்தேதி மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கே ஒட்டிருவாங்க, கட்டம் நிறைஞ்சதும் அக்கா ஷட்டர இறக்கிட்டு கோயிலுக்கு கிளம்பிருவாங்க, அதனால அன்னைக்கு லேட் பண்ணாதீங்க. 25, 26 லீவு.