எண்ணெயைக் கொட்டும் நேரம் சொல்லும் கருவி: டெஸ்டோ 270, டர்பன் சமையற்கூடங்களுக்குத் தேவையா?

காவடி, தீபாவளி என்று வந்துவிட்டால் டர்பன் கோயில் மடப்பள்ளிகளிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கேட்டரிங் கூடங்களிலும் வடை, முறுக்கு, சமோசா எல்லாம் ஒரே எண்ணெயில் மணிக்கணக்காக வேகும். எண்ணெயை எப்போது கொட்டுவது என்பதற்கு நிறத்தையும் வாடையையும் நம்புவதே வழக்கம். இரண்டும் ஏமாற்றும். மசாலா மீன் பொரித்த எண்ணெய் இரண்டே ஈட்டில் கறுத்துவிடும், ஆனால் கெட்டிருக்காது. வடை சுட்ட எண்ணெய் பொன்னிறமாகவே இருந்து உள்ளுக்குள் கெட்டிருக்கும்.

டெஸ்டோ 270 என்ற கைக்கருவி எண்ணெயின் மின்தன்மையை அளந்து, அதில் போலார் சேர்மங்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. சூட்டாலும் காற்றாலும் மாவின் ஈரத்தாலும் உடைந்த, ஆக்சிஜன் ஏறிய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கொழுப்பின் மொத்தக் கணக்கு அது. தென்னாப்பிரிக்காவின் 1996 விதிப்படி 25%-ஐத் தாண்டிய பொரிப்பு எண்ணெய் மனிதர் உண்ணத் தகாதது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? நாம் வாங்கும் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60% லினோலியிக் அமிலம் என்ற, எளிதில் ஆக்சிஜன் ஏறும் கொழுப்பமிலம். அது ஆக்சிஜன் ஏறி உடையும்போது ஆல்டிஹைடுகள் என்ற, மற்றவற்றோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் சேர்மங்கள் பிறக்கும். அவற்றில் கொடியது 4-ஹைட்ராக்ஸிநோனெனல். ஒரு பகுதி புகையோடு போனாலும் மீதி பண்டத்தோடு உள்ளே போகிறது. சிறுகுடலின் உள்வரிசை ஒரே ஒரு செல் தடிமன்தான். அந்தச் செல்கள் தம்மிடம் உள்ள குளுட்டதயோன் என்ற காப்புப் பொருளைக் கொண்டு ஆல்டிஹைடைக் கட்டிப்போடும். வரத்து கூடினால் அந்த இருப்பு தீர்ந்துபோகும். பிறகு ஆல்டிஹைடு செல்லின் சொந்தப் புரதங்களிலேயே ஒட்டும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இறுக்கம் தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சு கசிந்து, அழற்சி கிளம்பலாம். குடற்செல்கள் 3 முதல் 5 நாளில் புதிதாவதால் திருவிழா நாள் வடையைக் குடல் தாங்கிக்கொள்ளும். தினமும் பழைய எண்ணெய்ப் பண்டம் என்றால் அந்தச் சலுகை இல்லை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வில், பொரித்துப் பழசான எண்ணெய் பெருங்குடல் அழற்சியை மோசமாக்கியது. அந்த எண்ணெயிலிருந்து பிரித்த போலார் சேர்மங்களை மட்டும் கொடுத்தபோதும் அழற்சி கூடியது. சுண்டெலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே கெடுதல் செய்த சரக்கைத்தான் இந்தக் கருவி அளக்கிறது. அதனாலேயே இதைப் பொருட்படுத்துகிறோம்.

அளக்கும் முறையில் பலர் தவறுகிறார்கள். பண்டத்தை எடுத்துவிட்டு, குமிழி அடங்க 5 நிமிடம் விடவேண்டும். எண்ணெயில் நீர் இருந்தால் எண் ஏறிக் காட்டும். கருவியின் நுனியில் உள்ள உணரியை, அதில் போட்டிருக்கும் குறிக்கோடு வரை அமிழ்த்தி, சட்டியின் அடியிலும் பக்கத்திலும் படாமல் குறைந்தது 1 செ.மீ. தள்ளிப் பிடித்து, எண் நிலைக்கும் வரை மெல்ல அசைக்கவும். எண்ணெய் 40 முதல் 200 டிகிரிக்குள் இருக்கவேண்டும், 150–180 நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பை அணைத்துவிட்டு அளக்கவும். பிறகு உணரியைச் சோப்புநீரில் கழுவி, மென்மையான காகிதத்தால் துடைத்தால் போதும், சுரண்டக் கூடாது.

கருவியின் திரை 20%-க்குக் கீழ் பச்சை, 24%-க்கு மேல் சிவப்பு என்று ஒளிரும்படி அமைத்துத் தருகிறார்கள். துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2% என்பதால் 24 என்று காட்டும் எண்ணெய் 26-ஆகவும் இருக்கலாம். சிவப்பின் எல்லையை 22-க்கு இறக்கி வைக்கவும். அந்த வசதி கருவியிலேயே உண்டு.

குறையும் உண்டு. ஆல்டிஹைடு தனியாக எவ்வளவு என்று இது சொல்லாது. எல்லாம் சேர்ந்த ஒரே எண். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் எண் இறங்கும், ஆனால் பழைய சரக்கு புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். மலிவான காகிதப் பட்டைகள் பெரும்பாலும் பிரிந்த கொழுப்பமிலத்தை மட்டுமே அளப்பவை. ஆக்சிஜனேற்றத்துக்கு அவை போதாது.

விலை பல ஆயிரம் ராண்ட். நாள்தோறும் பொரிக்கும் கடைக்கு அவசியம் வாங்கலாம். கோயில் குழுக்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு வெப்பமானியும் எளிதில் ஆக்சிஜன் ஏறாத ஒலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயும் வாங்குங்கள். 175 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் பொரித்து, தூளை வடிகட்டி, மூடி, இருட்டில் வைத்து, ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். ஈயப் பூச்சு தேய்ந்த பித்தளைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள்: அதன் செம்பு, எண்ணெயில் ஆக்சிஜன் ஏறுவதை விரட்டி முடுக்கும்.